பெயர் கெட்ட மூன்று பொருள்கள்

ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரிலே துணி வாணிகம் செய்துவந்தவர் ஆன்டன் வான் லீவன்ஹூக். தாமே கண்ணாடி தேய்த்துச் செய்த உருப்பெருக்கியின் வழியாகக் குளத்து நீர், மிளகு ஊறிய நீர், பல்லிடுக்கு அழுக்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அவர் நோக்கினார். 1678-ஆம் ஆண்டளவில், லண்டனிலுள்ள ராயல் சொசைட்டிக்கு அவர் மனித விந்தினைப் பற்றி எழுதினார். வாலசைத்து நீந்தும் நுண்ணிய உயிர்களை அதிலே கண்டதாக அவர் கூறியதை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அதே துளி சில நாட்கள் அப்படியே இருந்தபின் அதில் பளபளப்பான சிறு படிகங்கள் தோன்றின என்றும் அவர் எழுதினார். இந்தச் செய்தியை யாரும் பொருட்படுத்தவில்லை.

இன்று நான் பேசப்போவது அந்தப் படிகங்களுக்குள் இருந்த பொருளையும் அதன் உறவினர் இருவரையும் பற்றித்தான்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1791-இல், பிரெஞ்சு ரசாயன அறிஞர் வோக்லான் அப்படிகங்களை மீண்டும் கண்டு, அவை ஒருவகைப் பாஸ்பேட்டு உப்பு என்று சொன்னார். 1888-இல் லாடன்பர்க், ஏபெல் என்னும் இருவர் அதற்கு ‘ஸ்பெர்மின்’ என்று பெயரிட்டனர். அதன் அணு அமைப்பு இன்னதென்று ரோசன்ஹைம், டட்லி முதலியோர் இங்கிலாந்தில் தெளிவுபடுத்தி, சோதனைச் சாலையிலே செய்தும் காட்டியது 1926-ஆம் ஆண்டில். ஒரு பொருளைக் கண்ணால் கண்டதற்கும் அது யாதென அறிந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள்! விஞ்ஞானம் விரைந்து ஓடுவது என்று நாம் கூறுகிறோம். அது சில வேளைகளில் திண்ணையில் அமர்ந்து உறங்கவும் செய்கிறது.

இதற்கிடையில் 1885-இல் பெர்லின் நகரத்து மருத்துவர் லூட்விக் பிரீகர், அழுகிய இறைச்சியிலிருந்து இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு அழுகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘புட்ரெசின்’ என்றும், மற்றொன்றுக்குப் பிணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘கடாவரின்’ என்றும் பெயர் வைத்தார். பெயருக்கு ஏற்ற நாற்றமும் அவற்றுக்கு உண்டு. பிறகு 1927-இல் விலங்குகளின் திசுக்களிலிருந்து ஸ்பெர்மிடின் கிடைத்தது. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாலியமைன்கள் என்கிறோம். ஒன்று அழுகலின் பெயரையும் மற்ற இரண்டும் விந்தின் பெயரையும் சுமப்பதால், வகுப்பில் இவற்றைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்பொலி எழுவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் உடலிலும் என் உடலிலும் பாலியமைன் இல்லாத உயிரணு ஒன்றுகூடக் கிடையாது. அது இன்றி எந்த உயிரணுவும் வளர்ந்து இரண்டாகப் பிரிய முடியாது. பெயர் வைத்தவர்கள் அவற்றை முதலில் சந்தித்த இடம் அப்படி அமைந்துவிட்டது; அவ்வளவே.

இவற்றின் அமைப்பு மிக எளிது. புட்ரெசின் என்பது நான்கு கரியணுக்கள் கொண்ட சிறு சங்கிலி. இரு முனையிலும் ஒவ்வொரு நைட்ரஜன் தொகுதி. அதனோடு மூன்று கரியணுவும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தால் ஸ்பெர்மிடின். அதேபோல மீண்டும் ஒருமுறை சேர்ந்தால் ஸ்பெர்மின். உயிரணுவினுள்ளே இந்த நைட்ரஜன்கள் நேர் மின்னேற்றம் பெற்று நிற்கின்றன. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.யும், அச்செய்தியைப் புரதமாக்கும் வேலையில் ஈடுபடும் ஆர்.என்.ஏ.யும் எதிர் மின்னேற்றம் உடையவை. எதிர் மின்னேற்றம் கொண்ட நீண்ட இழையின் பகுதிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். களத்திலே அறுத்துப் போட்ட தாள்கள் விரிந்து கிடப்பதையும், வைக்கோற்புரியால் இறுக்கியவுடன் அவை கட்டாக ஒடுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். பாலியமைன்கள் அந்தப் புரியின் வேலையைச் செய்கின்றன. மக்னீசியம் போன்ற உலோக அயனிகளும் நேர் மின்னேற்றம் உடையவைதாம். ஆயினும் அவற்றின் மின்னேற்றம் ஒரே புள்ளியில் நிற்பது. பாலியமைனில் அது ஒரு வளையும் சங்கிலியின் மேல் இடைவெளி விட்டுப் பரவியிருக்கிறது. ஆகவே ஒரே சமயத்தில் இழையின் பல இடங்களைப் பற்ற அதனால் இயலும். உயிரணுவிலுள்ள பாலியமைனின் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.யோடு ஒட்டியே இருக்கிறது.

இதயத் தசையிலும் மூளையிலும் பொட்டாசிய அயனி போய்வரும் சில வாயில்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் உட்புறமிருந்து தாழ்ப்பாள்போல நுழைந்து அடைப்பது ஸ்பெர்மின் என்று 1994-இல் அறியப்பட்டது. ஸ்பெர்மிடினுக்கு வேறொரு தனிக்கடமை உண்டு. 1971-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மாட்டு மூளையிலிருந்து ‘ஹைபுசின்’ என்ற அரிய அமினோ அமிலத்தைக் கண்டெடுத்தனர். ஸ்பெர்மிடினின் ஒரு துண்டு, ஒரு புரதத்திலுள்ள லைசினோடு இணைவதால் உண்டாவது அது. நம் உடலிலுள்ள பல்லாயிரம் புரதங்களில் ஒரே ஒரு வகைப் புரதத்தில் மட்டுமே இந்த மாற்றம் நிகழ்கிறது. அந்தப் புரதமோ, மற்றப் புரதங்களைக் கட்டும் எந்திரமாகிய ரைபோசோம் சில கடினமான இடங்களில் இடறி நிற்கும்போது அதனைத் தாங்கி நடத்திச் செல்வது. ஒரே புரதத்தின் ஒரே இடத்திற்காக இரண்டு நொதிகளைப் படைத்து வைத்திருக்கும் இயற்கையின் சிரத்தையை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இனி, உடல் இவற்றை எவ்வாறு செய்துகொள்கிறது? ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஆர்னித்தினும், ஆர்னித்தினிலிருந்து புட்ரெசினும் உண்டாகின்றன. இந்த இரண்டாம் படியை நடத்துவது ‘ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ்’ என்ற நொதி. பெயர் நீளமாக இருப்பதால் இதனை ‘வாயில்காப்போன்’ என்று குறிப்பிட்டுக்கொள்வோம். இவன் திறந்துவிட்டால்தான் பாலியமைன் உற்பத்தி நடைபெறும். உணவிலிருந்தும், குடலில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தும் ஓரளவு வந்து சேர்வதும் உண்டு.

இந்த வாயில்காப்போனின் ஆயுள் மிகவும் சொற்பம். பாலூட்டிகளின் உடலில் அவன் உண்டான அரைமணி நேரத்திற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் அழிந்துபோகின்றனர். பல நொதிகள் பல மணி நேரம், ஏன், நாள்கணக்கிலும் வாழ்பவை. இவனை மட்டும் உடல் ஏன் இத்தனை அவசரமாகக் கொல்கிறது? பாலியமைன் குறைந்தால் உயிரணு வளராது, மிகுந்தால் நஞ்சாகும். ஆகையால் அளவு சற்று மிகுந்தவுடன் வாயிலை அடைத்தாக வேண்டும். அதற்கென உள்ள புரதத்தின் பெயர் ‘ஆன்டிசைம்’. 1976-இல் அது அறிவிக்கப்பட்டது. அது வாயில்காப்போனைப் பற்றிக்கொண்டு, புரதங்களை நறுக்கும் புரோட்டியசோம் என்னும் கூடத்திற்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

பாலியமைன் மிகுந்துவிட்டது என்று ஆன்டிசைமுக்கு யார் சொல்வது? இங்குதான் உயிரியலின் மிக அழகான தந்திரங்களுள் ஒன்று இருக்கிறது. நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நன்று. ரைபோசோம் ஆர்.என்.ஏ.யின் எழுத்துக்களை மும்மூன்றாகப் படிக்கும் என்பது மாணவர்கள் அறிந்ததே. நாமும் அப்படியே படிப்போம். எழுத்துக்களை இடைவெளியின்றி இவ்வாறு எழுதிக்கொள்ளுங்கள்: எ, ழி, ல், இ, ள, ம், போ, து, ம், பி, ம, ல, ர், நா, டு, ம். மும்மூன்றாகப் படித்தால் ‘எழில்’, ‘இளம்’, ‘போதும்’ என்று வரும். ‘போதும்’ என்று வந்தவுடன் படிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. கிடைத்தது அரைகுறை வாசகம், பயனில்லை. ஆனால் ‘இளம்’ என்பதைப் படித்தபின் ரைபோசோம் கால் வழுக்கி, ‘போ’ என்னும் ஓர் எழுத்தைத் தாண்டிவிட்டால்? ‘எழில் இளம் தும்பி மலர் நாடும்’ என்று முழு வாசகமும் கிடைத்துவிடுகிறது!

ஆன்டிசைமின் செய்தி இவ்விதமே எழுதப்பட்டிருக்கிறது. நடுவே நிறுத்தற்குறி ஒன்று உண்டு. அந்தக் குறியின் முதல் எழுத்தை ரைபோசோம் தாண்டினாலன்றி முழுப் புரதம் பிறவாது. அவ்வாறு தாண்டும்படி அதனை வழுக்கச் செய்வது எது? பாலியமைனேதான்! அது மிகுந்தால் வழுக்கல் மிகும்; வழுக்கல் மிகுந்தால் ஆன்டிசைம் மிகும்; ஆன்டிசைம் வாயில்காப்போனைப் பிடித்துச் செல்லும்; உற்பத்தி குறையும். தண்ணீர்த் தொட்டி நிரம்பும்போது மிதவைப் பந்து மேலெழுந்து குழாயை அடைப்பதுபோல. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இதனை 1995-இல் விளக்கினர்.

வாயில்காப்போனைப் பற்றி மேலும் ஒரு செய்தி. நறுக்கும் கூடம் அவனை அடையாளம் கண்டு உள்ளே இழுப்பது அவனுடைய வால் நுனியைக் கொண்டு. முப்பத்தேழு அமினோ அமிலங்கள் கொண்ட அந்த வாலை வெட்டிவிட்டால் அவன் எளிதில் அழியமாட்டான். இந்த வாலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நோய்களுக்கு வருவோம். 1968-இல் ரஸ்ஸல், ஸ்னைடர் என்னும் இருவர், விரைவாக வளரும் திசுக்கள் எவையெவையோ அவற்றிலெல்லாம் இந்த நொதி மிகுந்திருப்பதைக் கண்டனர். வெட்டிய பின் மீண்டும் வளரும் எலியின் ஈரல், முட்டையிலுள்ள கோழிக்கரு, சில புற்றுக் கட்டிகள் ஆகிய மூன்றிலும் அதுவே காட்சி. புற்றுநோயில் பெரும்பங்கு கொள்ளும் ‘மிக்’ என்னும் மரபணு, இந்த நொதியை நேராகத் தூண்டுகிறது என்பது 1993-இல் தெரியவந்தது. அதற்கு முன்பே மருந்து தேடும் முயற்சி தொடங்கிவிட்டது. 1978-இல் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ‘எஃப்லோர்னித்தின்’ உருவாயிற்று. அது ஆர்னித்தினைப் போலவே தோற்றமளிப்பது. நொதி ஏமாந்து அதனை விழுங்கி வேலையைத் தொடங்கும்; தொடங்கியவுடன் தூண்டில் முள் சிக்கிய மீன்போல விடுபட முடியாமல் கெட்டுப்போகும்.

புற்றுநோயை வெல்லும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அம்மருந்து, 1980-களில் நடந்த சோதனைகளில் ஏமாற்றமே அளித்தது. உள்ளே உற்பத்தியை நிறுத்தினால், புற்றணுக்கள் வெளியிலிருந்து பாலியமைனை உறிஞ்சிக்கொள்கின்றன. நோயாளர் சிலருக்குச் செவிப்புலனும் தற்காலிகமாகக் குறைந்தது.

ஆனால் அந்த மருந்தின் கதை அங்கே முடியவில்லை. ஆப்பிரிக்காவில் ட்செட்ஸி என்னும் ஈயின் கடியால் பரவும் உறக்க நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ட்ரிபனோசோம் என்னும் ஒட்டுண்ணி முதலில் இரத்தத்திலும் பின்பு மூளையிலும் குடிபுகுகிறது. நோயாளி பகலில் உறங்குவார், இரவில் விழித்திருப்பார், புத்தி தடுமாறும், சிகிச்சை இல்லாவிடில் ஏறக்குறைய எல்லோருமே மரணமடைவர். மூளையை எட்டிய நோய்க்கு 1949 முதல் கொடுக்கப்பட்ட மருந்து மெலார்சோப்ரால். அது ஆர்சனிக் சேர்ந்தது. நரம்பில் ஏற்றும்போது நெருப்பாய் எரியும். அதைப் பெற்ற இருபது பேரில் ஏறத்தாழ ஒருவரை நோயன்று, மருந்தே கொன்றது. இதனைத் தெரிந்துகொண்டே ஊசியைக் கையிலெடுத்த மருத்துவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1980-இல் நியூயார்க் நகரில் சைரஸ் பாக்கியும் அவருடைய தோழர்களும், ட்ரிபனோசோம் தாக்கிய எலிகளுக்கு எஃப்லோர்னித்தினைக் கொடுத்துப் பார்த்தனர். எலிகள் பிழைத்தன. பின்னர் ஆப்பிரிக்காவில், மரணத்தின் வாயிலில் மயங்கிக் கிடந்த நோயாளிகளே எழுந்து உட்கார்ந்தனர். இதனால் இதற்கு ‘உயிர்த்தெழச் செய்யும் மருந்து’ என்றே பெயர் வந்தது. மனிதனுக்கும் ஒட்டுண்ணிக்கும் அதே நொதி இருக்க, மருந்து ஒருவரை விட்டு மற்றவரைத் தாக்குவது எப்படி? இங்கே வாலின் கதை வருகிறது. ஒட்டுண்ணியின் நொதிக்கு அந்த வால் கிடையாது. ஆகவே அது நீண்ட நேரம் வாழ்வது. ஒட்டுண்ணி புதியதை மெதுவாகவே செய்யும். மருந்து பழைய நொதியைக் கெடுத்துவிட்டால் அதற்கு வேறு கதியில்லை. நாமோ நிமிஷந்தோறும் புதிய நொதியைச் செய்து பழகியவர்கள். அற்ப ஆயுளே நமக்குக் காப்பாயிற்று! மேலும், ஸ்பெர்மிடினைக் கொண்டு ‘ட்ரிபனோதயோன்’ என்னும் தற்காப்புப் பொருளையும் ஒட்டுண்ணி செய்துகொள்கிறது; அதுவும் குன்றிப்போகிறது.

1990-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. ஆனால் வாங்க வேண்டியவர்கள் காங்கோவிலும் சூடானிலும் உள்ள ஏழைக் குடியானவர்கள். இலாபம் இல்லை என்று 1990-களின் நடுவில் உற்பத்தி நின்றுவிட்டது. 1998-இல் மட்டும் ஏறத்தாழ 40,000 பேருக்கு இந்நோய் இருப்பதாகப் பதிவாயிற்று. மருத்துவர்கள் மீண்டும் ஆர்சனிக்கை எடுக்கும் நிலை நெருங்கியது. அவ்வேளையில், 2000-ஆம் ஆண்டில், அதே பொருள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது, பெண்களின் முகத்தில் வளரும் மயிரைத் தடுக்கும் களிம்பாக! மயிர்க்காலின் வளர்ச்சிக்கும் பாலியமைன் வேண்டுமாதலால் அது பலன் தந்தது. அழகுக்கு மருந்து உண்டு, உயிருக்கு இல்லை என்ற இந்த நிலையை ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு உலகறியச் செய்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் முனைந்து நின்றது. 2001-இல் அவென்டிஸ் நிறுவனம் உறக்க நோய்க்கு இம்மருந்தை நன்கொடையாக அளிக்க உடன்பட்டது. களிம்பு வந்திராவிடில் இந்தக் கூக்குரல் இத்துணை எடுபட்டிருக்குமா என்று எனக்கு ஐயமுண்டு.

மருந்து கிடைத்தும் இடர் தீரவில்லை. ஆறு மணிக்கு ஒருமுறையாகப் பதினான்கு நாள், ஐம்பத்தாறு தடவை நரம்பில் ஏற்ற வேண்டும். மின்சாரமும் நல்ல தண்ணீரும் இல்லாத காட்டு ஆஸ்பத்திரியில் இது எளிதா? நிஃபர்டிமாக்ஸ் என்னும் மாத்திரையோடு சேர்த்தால் பதினான்கு தடவை போதும் என்று கண்டு, 2009 முதல் அம்முறை ஏற்கப்பட்டது. 2018-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம், விழுங்கத்தக்க ஃபெக்ஸினிடசோல் மாத்திரைக்கு ஆதரவான கருத்து வழங்கிற்று. அவ்வாண்டிலேயே பதிவான நோயாளர் தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

புற்றுநோய்க்கென்று பிறந்த மருந்து, அந்த வீட்டிற்கும் ஒருவாறு திரும்பி வந்தது. ‘நியூரோபிளாஸ்டோமா’ என்பது சிறு குழந்தைகளின் நரம்புத் திசுவில் தோன்றும் கொடிய கட்டி. கடுமையான வகையில் பல குழந்தைகளிடம் ‘மிக்’ மரபணுவின் உறவான மரபணு ஒன்று பல மடங்காகப் பெருகியிருக்கிறது. சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்பாதிருக்க எஃப்லோர்னித்தின் மாத்திரை கொடுப்பதற்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

முதுமையைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று ஸ்பெர்மிடின் மாத்திரைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. 2009-இல் ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், ஸ்பெர்மிடின் கொடுத்தால் ஈஸ்ட், ஈ, புழு ஆகியவை கூடுதல் காலம் வாழ்வதைக் கண்டனர். உயிரணு தன் உட்பழுதுகளைத் தானே விழுங்கிச் சுத்தம் செய்யும் செயல் அதனால் ஊக்கம் பெறுகிறது. இத்தாலியின் வடபகுதியிலுள்ள புருனெக் ஊரில் 829 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, உணவில் ஸ்பெர்மிடின் மிகுதியாகக் கொண்டவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது. ஆனால் கோதுமை முளை, சோயா, பட்டாணி, காளான் என்று உண்பவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையவராயிருக்கலாமன்றோ? நினைவாற்றல் குறைவதாக உணர்ந்த நூறு முதியவர்களிடம் ஜெர்மனியில் ஓராண்டு சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், ஸ்பெர்மிடின் உண்டவருக்கும் வெற்று மாத்திரை உண்டவருக்கும் நினைவாற்றலில் வேற்றுமை காணப்படவில்லை. கொடுத்த அளவு சிறிது என்பது உண்மை. என்றாலும் மாத்திரை விற்பவரின் விளம்பரத்தில் இந்த முடிவை நான் இதுவரை காணவில்லை.

பிறவியிலேயே இந்தச் சமநிலை குலைந்தவர்களும் உண்டு. ஸ்பெர்மினைச் செய்யும் நொதி பழுதுபட்டால் ஸ்னைடர்-ராபின்சன் நோய் வருகிறது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளையே அது தாக்குகிறது. தசை மெலிவு, எலும்பின் பலவீனம், அறிவு வளர்ச்சிக் குறைவு. 1969-இல் விவரிக்கப்பட்ட அதன் காரணம் 2003-இல்தான் புலப்பட்டது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காலெப் பப் என்ற மரபியல் மருத்துவரிடம் ஒரு பெண் குழந்தை வந்தது. வளர்ச்சி தாமதம், தசைகளில் தளர்ச்சி, தலையில் மயிர் இல்லை. மரபணுக்களைச் சோதித்ததில் வாயில்காப்போன் நொதியின் மரபணுவிலே ஒரு பிழை தென்பட்டது. நொதியின் வால் நுனி அறுந்திருந்தது! ட்ரிபனோசோமின் நொதியைப் போலவே அக்குழந்தையின் நொதியும் அழியாது நின்று, பாலியமைனைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அதே மாநிலத்தில் ஆந்திரே பாக்மன் என்ற பேராசிரியர் நியூரோபிளாஸ்டோமாவுக்கு எஃப்லோர்னித்தினைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தார். தோலில் இந்நொதி மிகுந்த சுண்டெலிகள் மயிர் இழப்பதும், மருந்து கொடுத்தால் அது மீண்டும் வளர்வதும் முன்பே எழுதப்பட்டிருந்தன. இருவரும் கலந்து 2018-இல் இந்நோயை உலகிற்கு அறிவித்தனர். அந்த ஒரு குழந்தைக்கென்று தனி அனுமதி பெற்று, 2019-இல் மருந்து கொடுக்கத் தொடங்கினர்.

சில மாதங்களில் புருவங்கள் முளைத்தன. பின்பு தலையிலும் மயிர் வந்தது. உடலை இயக்கும் திறனும் கூடிற்று. வளர்ந்த பெண்களின் முகத்தில் மயிரைத் தடுக்க விற்ற அதே பொருள், வாலறுந்த நொதி ஒன்றை அடக்கியபோது ஒரு சிறுமியின் தலையில் மயிரை வளர்த்தது.